சரசாத்தேயா, மோன்டியா, ரவேலா? மேடைக்கு ஒரு ஹங்கேரிய வயலின் உருப்படியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மேற்கத்திய வயலின் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. வருடக் கடைசி ரெசைட்டலுக்கு சரசாத்தேயின் ஸிகாய்னர்வைஸனை எடுக்கலாமா, இல்லை மோன்டியின் சார்டாஷோடு இந்த வருடம் நிறுத்திக்கொள்ளலாமா? கொஞ்சம் முன்னேறியவர்கள் ரவேலின் ட்ஸிகானையும் சேர்த்துக் கேட்பார்கள். யூடியூபில் ஒரு சின்னப் பிள்ளை இவற்றில் ஒன்றை அநாயாசமாக வாசிப்பதைப் பார்த்ததும் ஆசை வந்துவிடுகிறது. ஆசைப்படுவதில் தவறே இல்லை.

ஆனால் பெரும்பாலானவர்கள் கடைசி இரண்டு நிமிடத்தின் வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உருப்படியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த வகை இசையை அதன் மெதுவான பகுதியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேகப் பகுதி உழைத்தால் வந்துவிடும். மெட்ரோனோமை நாளுக்கு ஒரு புள்ளி ஏற்றினால் விரல் பழகிவிடும். மெதுவான பகுதிக்கு அப்படி ஒரு குறுக்கு வழி கிடையாது. முதல் சில நிமிடத்தில் சபையைப் பிடித்து உட்காரவைக்க முடியவில்லை என்றால், பிறகு வரும் வேகம் வெறும் விரல் பயிற்சியாகத்தான் கேட்கும்.

இங்கே ஐந்து உருப்படிகளைப் பார்க்கலாம்: மோன்டியின் சார்டாஷ், பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள் (யோவாகிம் வயலினுக்கு மாற்றியவை), ஹுபாயின் ஹெய்ரே காட்டி, சரசாத்தேயின் ஸிகாய்னர்வைஸன், ரவேலின் ட்ஸிகான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்தும் ஒரே மரபிலிருந்து வந்தவை. முதலில் மெதுவான லஷ்ஷூ, பிறகு வேகமான ஃப்ரிஷ் என்பதுதான் அந்த மரபின் அடிப்படை அமைப்பு. 18-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்க வந்தவர்கள் ஊர் ஊராக ஆடிக்காட்டிய வெர்புன்கோஷ் ஆட்டத்தில் இது வேர்விட்டது. 19-ஆம் நூற்றாண்டில் சார்டாஷ் நடனம் அதை எடுத்துக்கொண்டது. விடுதிகளிலும் கல்யாண வீடுகளிலும் இதை வாசித்தவர்கள் பெரும்பாலும் ரோமா (ஜிப்சி) இசைக்குழுவினர். முதல் வயலின்காரர் முன்னே நின்று மெட்டைத் தன் இஷ்டத்துக்கு இழுப்பார், நிறுத்துவார், அலங்கரிப்பார். துணை வயலின்களும், பேஸும், சந்தூரைப் போலச் சிறு குச்சிகளால் தட்டி வாசிக்கும் சிம்பலமும் அவர் முகத்தைப் பார்த்தே பின்தொடரும். கச்சேரி மேடைக்கு எழுதியவர்கள் அந்த முதல் வயலின்காரரைத்தான் மனதில் வைத்து எழுதினார்கள்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஜி தந்தி. மோன்டி, சரசாத்தே, ரவேல் மூன்றுமே கனமான அடித்தந்தியில், மேல் பொசிஷன்களுக்கு ஏறி ஏறித் தொடங்குகின்றன. உங்கள் வயலினில் ஜி தந்தியில் மட்டும் முதல் பொசிஷனிலிருந்து ஏழாவது பொசிஷன் வரை மெதுவாக ஒரு ஸ்கேல் வாசித்துப் பாருங்கள். மேலே போகப் போக ஒலி அடைத்துக்கொண்டு, வில் தந்தியைப் பிடிக்காமல் வழுக்கினால், குறை உங்கள் கையில் இல்லாமல் கருவியில் இருக்கலாம். சாதாரண மாணவர் வயலின்களில் இது அடிக்கடி நடக்கிறது. நல்ல ஜி தந்தி ஒன்றை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். தீரவில்லை என்றால் ரவேலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, தாளத்தை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பது. ஹங்கேரிய மொழியில் அழுத்தம் சொல்லின் முதல் அசையில் விழும். அதனால் அந்த மெட்டுகளும் பெரும்பாலும் அடியின் மேலேயே நேராக இறங்குகின்றன. குறிலும் நெடிலும் அடுத்தடுத்து வரும் இடங்களில் அழுத்தம் குறிலில் விழும், நெடில் தளர்ந்து போகும். மேற்கத்தியப் பாடத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் இதைத் தலைகீழாக வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். நெடிலில் வில்லை அழுத்திவிடுவார்கள், மெட்டு உடனே வேறு ஊருக்குப் போய்விடும்.

மூன்றாவது, கைவேலை. செயற்கை ஹார்மோனிக்ஸ், இரட்டைத் தந்தி, இடக்கைப் பிட்சிகாட்டோ (இடக்கை விரலாலேயே தந்தியை மீட்டுவது), துள்ளும் ஸ்பிக்காட்டோ வில் ஆகிய நான்கில் எது உங்களுக்கு ஏற்கனவே கைவசம் இருக்கிறது? ஓர் உருப்படிக்காக ஒன்றைப் புதிதாகக் கற்பது நல்லது. மூன்றைச் சேர்த்துக் கற்கப் போனால் மூன்றும் அரைகுறையாக நிற்கும்.

நான்காவதைப் பெரும்பாலானவர்கள் கடைசி வாரத்தில்தான் நினைத்துப் பார்க்கிறார்கள். பியானோவில் உட்காரப்போவது யார்? உங்கள் மூச்சைக் கேட்டு நிறுத்தவும் தொடங்கவும் தெரிந்த ஒருவர் வேண்டும். சில உருப்படிகளில் அவருடைய வேலை சுலபம், சிலவற்றில் உங்கள் வேலைக்குச் சமம். கட்டணமும் ஒத்திகை எண்ணிக்கையும் அதற்கேற்ப ஏறும்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு சௌகரியம் உண்டு. இந்த இசையில் அடிக்கடி வரும் ஹங்கேரிய மைனர் ஸ்கேலின் ஸ்வரங்களும் 57-ஆவது மேளமான சிம்மேந்திரமத்யமத்தின் ஸ்வரங்களும் ஒன்றே. பிரதிமத்யமம் பஞ்சமத்தை ஒட்டி நிற்பதும், சுத்த தைவதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் நடுவில் விழும் பெரிய இடைவெளியும் நம் காதுக்குப் பழகியவை. மற்றவர்கள் அந்த இடைவெளியைச் சுருக்கிச் சுருதி தவறும்போது, நம் பிள்ளைகள் சரியாக வைப்பார்கள். கமகத்தை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டாம். அங்கே வரும் இழைவு ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு ஒரே திசையில் போய் நிற்கும், அசைந்து திரும்பாது.

## இவை நாட்டுப்பாடல்கள்தானா?

ஓரளவுக்குத்தான். நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸிகாய்னர்வைஸனின் மூன்றாவது பகுதியில் வரும் அந்த ஏக்கமான மெட்டு, எலெமேர் செந்திர்மாய் என்ற ஹங்கேரியர் இயற்றிய பாட்டு. நாட்டுப்பாடல் என்று நினைத்து சரசாத்தே எடுத்துக்கொண்டார். பிராம்ஸுக்கும் இதேதான் நடந்தது. உலகமே முணுமுணுக்கும் ஐந்தாம் நடனத்தின் மெட்டு பேலா கேலெர் எழுதிய ஒரு சார்டாஷ்.

பின்னாளில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் இதை அழுத்திச் சொன்னார். சக இசையமைப்பாளர் கோடாயும் அவரும் 1905, 1906 வாக்கில் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். நகர விடுதிகளில் ஒலித்தவை பெரும்பாலும் படித்த ஹங்கேரியர்கள் இயற்றிய பாட்டுகள், விவசாயிகளின் இசை வேறு என்பது அவர் முடிவு. அவர் சொன்னது சரி. ஆனாலும் அந்தப் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்து, எங்கே இழுப்பது, எங்கே உடைப்பது என்ற வழக்கத்தை உண்டாக்கியவர்கள் ரோமா கலைஞர்கள். மேடையில் நீங்கள் வாசிக்கப்போவது அவர்களுடைய பாணி. நிகழ்ச்சிக் குறிப்பில் அதற்கு ஒரு வரியாவது ஒதுக்குங்கள்.

## மோன்டி: சார்டாஷ்

விட்டோரியோ மோன்டி ஹங்கேரியரே இல்லை, இத்தாலியின் நேப்பிள்ஸ்காரர். 1904 வாக்கில் எழுதிய இந்த ஓர் உருப்படியால்தான் இன்றும் அவர் பெயர் நிற்கிறது. மாண்டலினுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டதால் இடக்கை நியாயமான எல்லைக்குள்ளேயே ஓடுகிறது. மொத்தம் நாலரை, ஐந்து நிமிடம். டி மைனரில் கனமான தொடக்கம், பதினாறாம் பங்கு ஸ்வரங்கள் பறக்கும் வேகம், நடுவில் டி மேஜரில் ஓர் ஆசுவாசம், மறுபடி வேகம்.

அந்த ஆசுவாசத்துக்குள்தான் கண்ணி இருக்கிறது. மெட்டு முழுவதும் செயற்கை ஹார்மோனிக்ஸில் வரும். முதல் விரல் தந்தியை உறுதியாக அழுத்த வேண்டும், நான்காவது விரல் மேலே தொட்டும் தொடாமல் நிற்க வேண்டும், அந்த இடைவெளி மாறாமல் கை மொத்தமாக நகர வேண்டும். பத்து வயதுக் கைக்கு நான்காவது விரல் எட்டுவதே சிரமம். விரல் ஒரு மயிரிழை தள்ளினாலும் ஸ்வரத்துக்குப் பதில் வெறும் சீறல் கேட்கும். வில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், நிதானமான வேகத்தில் போனால் ஹார்மோனிக்ஸ் தெளிவாகப் பேசும். பயத்தில் வில்லைத் தூக்கிப் பிடிப்பதுதான் பலர் செய்யும் தவறு.

பியானோப் பகுதி எளிமையானது, வீட்டில் ஓரளவு வாசிக்கத் தெரிந்த அக்காவோ அண்ணனோ கூட ஒப்பேற்றிவிடலாம். இந்தத் தேர்வின் மறைமுகச் செலவு வேறு. இதை எல்லாரும் வாசிக்கிறார்கள். போட்டி என்றால் நடுவர்கள் அன்று காலையிலேயே இரண்டு முறை கேட்டிருப்பார்கள். வேகத்தில் மற்றவர்களை முந்தப் பார்ப்பது வீண் வேலை. தொடக்கத்தில் வரும் மெதுவான லார்கோவில் ஒவ்வொரு நெடிய ஸ்வரத்தையும் எப்படி முடிக்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம் காட்ட முடியும்.

முதல்முறை இந்த மாதிரி ஒன்றை மேடையேற்றுகிறவர்களுக்கும், ஐந்தாவது பொசிஷன் வரை தைரியமாகப் போய்வரத் தெரிந்தவர்களுக்கும் இதுதான் சரி. சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் விழா என்றாலும் இதுவே போதும். கைதட்டல் நிச்சயம்.

## பிராம்ஸ் – யோவாகிம்: ஹங்கேரிய நடனங்கள்

பிராம்ஸ் இருபத்தொரு நடனங்களைப் பியானோவில் இருவர் சேர்ந்து வாசிக்க எழுதினார். முதல் தொகுதிகள் 1869-லும், மற்றவை 1880-லும் வந்தன. அவருடைய நண்பர் யோசப் யோவாகிம் அவற்றை வயலினுக்கு மாற்றினார். முதலாம் நடனத்தை யோவாகிமே 1903-இல் இசைத்தட்டில் வாசித்திருக்கிறார். கீறல் சத்தத்துக்கு நடுவே அவர் தாளத்தை எவ்வளவு தாராளமாக வளைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். இன்றைய கனகச்சிதமான பதிவுகளிலிருந்து கற்க முடியாத விஷயம் அது.

மேடைத் தேர்வாகப் பார்த்தால் இவை கொஞ்சம் ஏமாற்றும். கேட்க எளிமை, வாசிக்கக் கடினம். யோவாகிம் தன் கைக்கு ஏற்ப ஆக்டேவ்களையும் இரட்டைத் தந்திகளையும் அள்ளிப் போட்டிருக்கிறார். அவ்வளவு உழைத்தும் கிடைப்பது மூன்று நிமிடம், அதுவும் சபைக்கு ஏற்கனவே தெரிந்த மெட்டு. நீண்ட லஷ்ஷூ இல்லாததால் மெதுவான வாசிப்பைக் காட்டவும் இடமில்லை. இணையத்தில் இதே பெயரில் எளிமைப்படுத்திய பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன, மாற்றியவர் யோவாகிம்தானா என்று முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய சொனாட்டா ஒன்றை வாசித்து முடித்தபின், கடைசியில் ஒரு துள்ளலான உருப்படி வேண்டும் என்றால் இவை அருமை. தனியாக ஒரு ரெசைட்டலின் மையமாக வைக்க மாட்டேன்.

## ஹுபாய்: ஹெய்ரே காட்டி

மோன்டி முடித்துவிட்டேன், சரசாத்தேக்குத் தயாரா என்று தெரியவில்லை என்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. யெனோ ஹுபாய் பெஸ்டில் பிறந்தவர், யோவாகிமிடம் படித்தவர், பிறகு புடாபெஸ்டில் ஒரு தலைமுறை வயலின்காரர்களையே உருவாக்கியவர். ஜோசப் சிகெட்டி அவருடைய மாணவர். சார்டாக் காட்சிகள் (சார்டா என்றால் விடுதி) என்ற வரிசையில் நான்காவதாக வரும் இந்த உருப்படிக்கு ஓபஸ் எண் 32. ஆறு நிமிடத்துக்குள் லஷ்ஷூவும் ஃப்ரிஷும் முழுமையாகக் கிடைக்கின்றன. எழுதியவரே ஆசிரியர் என்பதால், எதுவும் கைக்கு விரோதமாக இல்லை.

ஒரு குறை, இதற்கு அதிகப் பெயர் இல்லை. பியானோ வாசிப்பவர் முன்பே கேட்டிருக்க மாட்டார், அதனால் கூடுதலாக ஓர் ஒத்திகை தேவைப்படும். கேட்டுப் பழகப் பதிவுகளும் மற்றவற்றின் அளவுக்கு இல்லை. ஆனால் போட்டியில் இதே காரணம் உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும். நடுவருக்கு ஒப்பிட ஆள் இருக்காது, உங்கள் வாசிப்பை மட்டும் கேட்பார்.

## சரசாத்தே: ஸிகாய்னர்வைஸன்

எல்லாருடைய ஆசையும் இதன் மேல்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. பாம்ப்லோனாவில் பிறந்த ஸ்பானியரான பாப்லோ தெ சரசாத்தே 1877-இல் புடாபெஸ்டுக்குப் போனபோது ஹங்கேரிய இசையமைப்பாளர் லிஸ்டைச் சந்தித்தார். அடுத்த வருடம் இந்த உருப்படி வெளிவந்தது, ஓபஸ் 20. வாசிக்கிறவரே தனக்காக எழுதிக்கொண்டது என்பதால், கேட்பதற்கு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறதோ அந்த அளவுக்குக் கைக்குக் கடினமில்லை. கடைசிப் பகுதி ஏ மைனரில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, இ இரண்டும் திறந்த தந்திகள். இடக்கைப் பிட்சிகாட்டோ வெடித்துக் கிளம்பும் இடங்களில் அந்தத் திறந்த தந்திகள் உங்களுக்குத் தோள் கொடுக்கின்றன.

எட்டு, ஒன்பது நிமிடத்தில் நான்கு பகுதிகள். முதல் பகுதி சி மைனரில் ஓர் அறிவிப்பு. பியானோ மெட்டை உரக்கச் சொன்னதும் வயலின் ஜி தந்தியில் அதை வாங்கிக்கொள்ளும். மெதுவான இரண்டாவது பகுதியான லென்டோவைத்தான் இந்த உருப்படியின் இதயம் என்பேன். தாளக்கட்டு கிட்டத்தட்ட இல்லை. சின்னச் சின்ன எழுத்தில் இருபது முப்பது ஸ்வரங்கள் கொத்தாகத் தொங்கும். அவற்றை எண்ணி வாசித்தால் செத்துப்போகும். எந்த ஸ்வரத்தில் நிற்பது, எதில் ஓடுவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவு ஒவ்வொரு முறையும் அப்போதுதான் தோன்றியது போலக் கேட்க வேண்டும். நம் ஊரில் ராக ஆலாபனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

மூன்றாவது பகுதிக்கு மியூட் (ஒலியை அடக்கப் பிரிட்ஜில் மாட்டும் சிறு பொருள்) போட வேண்டும். செந்திர்மாயின் மெட்டு அடங்கிய குரலில் வரும். விரல்களுக்கு வேலை மிகக் குறைவு, அதனாலேயே சிலர் இதை வெட்டிவிட்டு நேராக வேகத்துக்குத் தாவிவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். லென்டோவின் புயலுக்கும் கடைசி ஓட்டத்துக்கும் நடுவில் இந்த அமைதி இல்லாவிட்டால் இரண்டுமே சிறுத்துவிடும். மியூட்டைப் பொருத்தவும் எடுக்கவும் கிடைக்கும் நேரம் குறைவு. தந்திகளிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் ரப்பர் மியூட்டை வாங்கி, பிரிட்ஜின் மேல் தள்ளுவதையும் திரும்ப இழுப்பதையும் சத்தமில்லாமல் செய்ய உருப்படியோடு சேர்த்தே பயிற்சி எடுங்கள். தனி மியூட்டைச் சட்டைப் பையிலிருந்து தேடி எடுக்கும் காட்சி அந்த அமைதியை உடைத்துவிடும்.

நான்காவது பகுதியில்தான் எல்லாரும் காத்திருக்கும் ஓட்டம். லிஸ்டின் 13-ஆவது ஹங்கேரிய ராப்சடியில் வரும் மெட்டு ஒன்றும் இங்கே ஒலிக்கும். இதைப் பயிலும்போது வில்லைத்தான் கவனிக்க வேண்டும். துள்ளும் வில்லும் இடக்கையும் ஒரே கணத்தில் சந்திக்காவிட்டால், ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் கலங்கலாகக் கேட்கும். மெதுவாக, தந்தியை விட்டு எழாத வில்லில் பழகி, வேகம் ஏறும்போது வில் தானாகத் துள்ள விடுங்கள்.

மறைமுகச் செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். இடக்கைப் பிட்சிகாட்டோ பழகும் முதல் வாரங்களில் விரல் நுனி புண்ணாகும், நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பியானோப் பகுதியில் ஸ்வரங்கள் பெரிதாக இல்லை, ஆனால் லென்டோவில் உங்கள் கூடவே மூச்சுவிடத் தெரிந்த ஆள் வேண்டும். அங்கே பியானோவில் வரும் நடுக்கமான ஒலிகள் சிம்பலத்தின் சாயல், அவை மென்மையாக மினுங்க வேண்டும். நன்றாகப் படித்த பியானோ மாணவர்கூட அங்கே எண்ணிக்கொண்டே வாசித்தால் வயலின்காரர் கட்டிப்போடப்படுவார்.

சரசாத்தேயே வாசித்த 1904-ஆம் வருடப் பதிவு இருக்கிறது. நடுவில் ஒரு பேச்சுக்குரல்கூடக் கேட்கும். ஒலி எவ்வளவு மெலிந்தாலும், அவருடைய வாசிப்பு எவ்வளவு இலேசானது, அழுகையை எவ்வளவு அளவாக வைத்துக்கொண்டார் என்பது தெரியும். பிற்காலத்தவர்கள் சேர்த்த கனத்தையெல்லாம் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

புருக்கின் ஜி மைனர் கான்செர்ட்டோவை முழுவதும் படித்தவர், அல்லது அந்தத் தரத்தில் இருப்பவர் இதைத் தாராளமாக எடுக்கலாம். அந்த நிலையிலும் நாலைந்து மாதம் கையில் இருக்க வேண்டும். பிற்பாடு ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்க வாய்ப்பு வந்தால் சரசாத்தேயின் ஆர்கெஸ்ட்ரா வடிவமும் இருக்கிறது, படித்தது வீணாகாது.

## ரவேல்: ட்ஸிகான்

யோவாகிமின் உறவுக்காரப் பெண், ஹுபாயின் மாணவி, யெல்லி டி ஆரான்யி. 1922-இல் லண்டனில் ஒரு வீட்டுக் கச்சேரிக்குப் பிறகு ரவேல் அவரை ரோமா மெட்டுகளை வாசிக்கச் சொல்லி, விடியும் வரை மீண்டும் மீண்டும் கேட்டார். அதிலிருந்து பிறந்தது இந்த உருப்படி. 1924 ஏப்ரலில் லண்டனில் யெல்லியே முதன்முதலாக வாசித்தார், பிரதி கைக்கு வந்தது சில நாட்களுக்கு முன்புதான். சிம்பலத்தின் ஒலிக்காகப் பியானோவில் லூதியால் என்ற ஓர் இணைப்பைப் பொருத்தும் வடிவத்தையும் ரவேல் எழுதினார். பிறகு ஆர்கெஸ்ட்ரா வடிவமும் வந்தது.

மெட்டுகள் எதுவும் எடுத்தாண்டவை கிடையாது, பாணியை மட்டும் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் ரவேலே இயற்றினார். பத்து நிமிடத்தில் முதல் நான்கு நிமிடத்துக்கு மேல் வயலின் தனியாக நிற்கிறது. தொடக்கம் முழுவதும் ஜி தந்தியில். சுருதி சொல்லப் பியானோ இல்லை, தவறினால் மறைக்க எதுவும் இல்லை. பிறகு ஆக்டேவ்கள், ஹார்மோனிக்ஸ், இடக்கைப் பிட்சிகாட்டோ என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, கடைசியில் நிற்காத ஓட்டம். இதை எழுதும்போது பாகனினியின் கப்ரீஸ்களை (தனி வயலினுக்கான கடினமான உருப்படிகள்) பக்கத்தில் வைத்துப் பார்த்தார் ரவேல். நீங்களும் அவற்றில் ஒன்றிரண்டையாவது முடித்திருக்க வேண்டும்.

பியானோப் பகுதி தொழில்முறைக் கலைஞருக்கானது. குறைந்தது மூன்று, நான்கு ஒத்திகைகளுக்குத் திட்டமிடுங்கள், அதற்கான பணத்தையும் ஒதுக்கிவையுங்கள். சபையையும் யோசிக்க வேண்டும். மெட்டு முணுமுணுக்கக் காத்திருக்கும் குடும்ப விழாவில் முதல் நான்கு நிமிடம் மிக நீளமாகத் தோன்றும். இசைக் கல்லூரி நுழைவுத் தேர்விலோ போட்டியின் இறுதிச் சுற்றிலோ அதே நான்கு நிமிடம் உங்களைப் பற்றி மற்ற எதையும்விட அதிகமாகச் சொல்லும்.

## ஒரு பார்வையில்

| உருப்படி | நேரம் | மெதுவான பகுதியின் கனம் | புதிதாகத் தேவைப்படும் கைவேலை | பியானோ | தயாராக |
|---|---|---|---|---|---|
| மோன்டி | 4½–5 நிமிடம் | மிதம் | செயற்கை ஹார்மோனிக்ஸ் | எளிது | 2 மாதம் |
| பிராம்ஸ் – யோவாகிம் | ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 நிமிடம் | குறைவு | ஆக்டேவ், இரட்டைத் தந்தி | நடுத்தரம் | 2–3 மாதம் |
| ஹுபாய் | ஏறத்தாழ 6 நிமிடம் | நல்ல கனம் | இரட்டைத் தந்தி, ஸ்பிக்காட்டோ | நடுத்தரம் | 3 மாதம் |
| சரசாத்தே | 8–9 நிமிடம் | மிக அதிகம் | இடக்கைப் பிட்சிகாட்டோ, வேக ஸ்பிக்காட்டோ | ஸ்வரம் எளிது, பின்தொடர்வது கடினம் | 4–5 மாதம் |
| ரவேல் | ஏறத்தாழ 10 நிமிடம் | மிக அதிகம், துணையின்றி | எல்லாமே | மிகக் கடினம் | 6 மாதமும் அதற்கு மேலும் |

தயாராகும் காலம் என் கணிப்பு. அந்தந்தத் தரத்தை எட்டியவர் தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதிகளைப் பொறுத்தவரை, இவர்களில் கடைசியாக இறந்தவர்கள் ஹுபாயும் ரவேலும், இருவருமே 1937-இல். அதனால் இந்தியச் சட்டப்படி ஐந்துக்கும் காப்புரிமை முடிந்துவிட்டது, பழைய பதிப்புகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விரல் குறியீடுகளை மட்டும் உங்கள் ஆசிரியர் ஒருமுறை பார்க்கட்டும்.

## அப்போ எதை எடுப்பது?

மோன்டிக்கும் சரசாத்தேக்கும் நடுவில் தவிக்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு என் யோசனை ஹுபாய். அடுத்த வருடம் ஸிகாய்னர்வைஸனுக்குப் போகும்போது லஷ்ஷூவை எப்படிப் பேசவைப்பது என்று ஏற்கனவே தெரிந்திருக்கும். சரசாத்தேக்கும் ரவேலுக்கும் நடுவில் நிற்பவர்கள் சபையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: கேட்க வருபவர்கள் பொதுமக்கள் என்றால் சரசாத்தே, நடுவர்கள் என்றால் ரவேல். கையில் இரண்டே மாதம்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், மோன்டி. கிராமத்து இசைக்கு நெருக்கமாக ஏதாவது வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால், பார்டோக் 1928-இல் எழுதி சிகெட்டிக்குச் சமர்ப்பித்த முதல் ராப்சடியைப் பாருங்கள். அதுவும் லஷ்ஷூ, ஃப்ரிஷ் அமைப்புதான், ரவேலைப் போல முதிர்ந்த கை கேட்கும்.

ஸிகாய்னர்வைஸனை எடுத்தே தீருவேன் என்கிறவர்கள் கடைசிப் பகுதியைத் தொடாமல், லென்டோவின் முதல் பக்கத்தை மட்டும் இரண்டு வாரம் வாசியுங்கள். பிறகு துணையில்லாமல் ஃபோனில் பதிவு செய்து, இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். இந்த இசை தெரியாத வீட்டு ஆள் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் கடைசி வரை கேட்டால் தாராளமாக எடுங்கள், அன்றைக்கே பியானோ வாசிப்பவரிடம் தேதியும் பேசிவிடுங்கள். பாதியிலேயே ஃபோனைத் தேடினால் இந்த வருடம் ஹுபாய்.